பதினோராவது முத்திரை

“அம்மா, ஒரு நாட்டைப் பதினொன்றாகப் பிரிப்பது பாவமா?”

தாண்டவராயர் வாசலிலேயே நின்று கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நாகம்மை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அத்தனையும் பிள்ளை பெற்ற வீட்டுத் துணிகள்.

“பாவமா புண்ணியமான்னு கோயில்ல போய்க் கேளுங்க. இப்ப இந்தச் சேலையோட அந்த முனையைப் பிடிங்க.”

பிடித்தார்.

அவள் முறுக்கினாள். அவள் முறுக்கிய வாக்கிலேயே அவரும் சுற்றிக்கொண்டு போனார். ஒரு சொட்டுத் தண்ணீர் வடியவில்லை.

“நான் சுத்துற பக்கமே நீங்களும் சுத்துனா எப்படி ஐயா? எதிர்ப்பக்கம்.”

எதிர்ப்பக்கம் சுற்றினார். தண்ணீர் கொட்டியது. பாதி அவர் வேட்டியில்.

“ம். இப்ப சொல்லுங்க. யாரு பிரிக்கிறா?”

“நான்தான்” என்றார் தாண்டவராயர்.

*

தாண்டவராயருக்கு அறுபது வயது. சட்டம் படித்தவர். மலைநாட்டின் பிரதிநிதி.

நாகம்மைக்கு நாற்பதுதான் இருக்கும். ஆற்றங்கரை ஊரின் மருத்துவச்சி.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு இரண்டு நாளாக வலி. பிள்ளை இறங்கவில்லை. மூன்று வைத்தியர்கள் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டு நின்றார்கள். நாகம்மை வந்தாள். மூன்று பேரையும் வெளியே அனுப்பினாள். படுத்திருந்தவள் காதருகே குனிந்தாள்.

“உனக்கு எப்படி இருந்தா தேவலாம் தாயி?”

“உட்கார்ந்தா தேவலாம்.”

உட்கார வைத்தாள். உச்சி வெயில் ஏறுவதற்குள் பொன்னுருவி பிறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து தாண்டவராயருக்குக் குரு அவள்தான். ஊரில் சிலர் சிரித்தார்கள். படித்த மனுஷனுக்கு மருத்துவச்சி குருவா என்றார்கள். அவரும் கண்டுகொள்ளவில்லை, அவளும் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை.

*

“ஏன் பிரியணும்?” என்று கேட்டாள் நாகம்மை. துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“நாற்று” என்றார் அவர்.

அந்த நாடு பெரிய நாடு. பதினோரு நாடுகள் சேர்ந்து ஒன்றானது. தலைநகரம் நடுவில் இருந்தது. மலைநாட்டிலிருந்து அங்கே போக வண்டியில் இருபத்தாறு நாள்.

பதினோரு நாட்டுக்கும் நடவு நாளைத் தலைநகரம்தான் குறித்தது. எல்லாருக்கும் ஒரே நாள். ஒரே நாளில் நட்டால் ஒரே நாளில் அறுக்கலாம், ஒரே நாளில் களஞ்சியத்தில் சேர்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மலைநாட்டுக்கு மழை ஒரு மாதம் கழித்துத்தான் வரும்.

“மூன்று வருஷமாக நாற்று நட்ட வயலிலேயே காய்ந்து போகிறது. தண்ணீர் இல்லாத வயலில் ஆணைக்குப் பயந்து நடுகிறோம். எட்டு மனு போட்டேன் அம்மா. ஒன்றுக்குப் பதில் வந்தது. எப்போது தெரியுமா? அறுப்புக் காலம் முடிந்த பிறகு!”

“என்ன பதில்?”

“‘தங்கள் கருத்து மகிழ்ச்சியுடன் பெறப்பட்டது.’”

நாகம்மை சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. கோபத்தோடு வந்த சிரிப்பு.

“அதனால்தான் எழுதினேன்” என்று மடியிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். “பிரிவுச் சாசனம். இனி பதினொன்றும் பதினோரு தனி நாடு. பத்துப் பேர் முத்திரை வைத்தாயிற்று. என்னுடையதுதான் பதினோராவது. பௌர்ணமியன்று குதிரைக்காரன் வந்து வாங்கிப் போவான். இன்னும் ஐந்து நாள்.”

“அடுத்தவங்க எல்லாரும் வெச்சாச்சுன்னா நீங்களும் வைக்க வேண்டியதுதானே? எழுதினதே நீங்கதானே?”

“உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் செய்ததில்லையே.”

“எழுதறதுக்கு முன்னாடி கேட்டீங்களா?”

தாண்டவராயர் சுருளைப் பிரிப்பதில் மும்முரமானார்.

“சரி, படிங்க” என்றாள் அவள். அம்மியின் முன்னால் உட்கார்ந்து மஞ்சளை நசுக்க ஆரம்பித்தாள்.

*

படித்தார்.

நல்ல தமிழ். ஒரு சொல் கூடுதல் இல்லை. அந்தந்த நாட்டின் மழைக்கு அந்தந்த நாடே நாள் குறிக்கும் என்றது முதல் விதி. அதைப் படிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. நாகம்மை தலையை ஆட்டினாள். ஆற்றுத் தண்ணீர், மலைக்காடு, உப்புப் பாதை எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. மஞ்சள் பாதி அரைபட்டது.

“நாற்பத்தொன்று” என்றார். “இது நானே யோசித்து எழுதியது. இதில் எனக்கு ஒரு பெருமை உண்டு அம்மா.”

“படிங்க.”

“‘ஒருவர் எந்த மண்ணில் பிறந்தாரோ, அந்த மண்ணே அவர் நாடு. குலம் கேட்கப்படாது. தகப்பன் பெயர் கேட்கப்படாது. பிறந்த இடம் மட்டுமே கேட்கப்படும்.’”

“நல்லாயிருக்கு. அடுத்தது?”

“நாற்பத்திரண்டு. ‘ஒரு நாட்டார் மற்றொரு நாட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்க, அந்நாட்டின் அனுமதிச் சீட்டு வேண்டும்.’”

அம்மிக் குழவி நின்றது.

“அதுக்கு முந்தினதை இன்னொரு தரம்.”

படித்தார்.

நாகம்மை கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

“எழுந்திருங்க ஐயா. படித்துறைக்குப் போய்ட்டு வருவோம்.”

“இன்னும் இருநூறு விதி இருக்கிறதே?”

“இருக்கட்டும்.”

*

படித்துறை மணலில் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் கிடந்தார்கள். தாய்மார்கள் களை எடுக்கப் போயிருந்தார்கள். அந்த ஊரில் அப்படித்தான். பெரிய பிள்ளை இடுப்பில் சின்னப் பிள்ளை, சின்னதின் வாயில் ஏதாவது ஒரு முருங்கைக் குச்சி.

ஆறுதான் எல்லை. இந்தக் கரை மலைநாடு. அந்தக் கரை மருதநாடு. கண்ணுக்கு எட்டிய தூரம். பரிசலில் ஏறினால் வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் அக்கரை வந்துவிடும். இந்த ஊர் மருமகள்களில் பெரும்பாலோர் அக்கரைப் பெண்கள். இந்த ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் அக்கரை மருமகள்கள். தாண்டவராயரும் பொன்னுருவியை அக்கரையில்தான் கொடுத்திருந்தார்.

நாகம்மை ஒரு குச்சியால் மணலில் நீளமாகக் கோடு போட்டாள்.

“பிள்ளைங்களா, விளையாடலாமா?”

“என்ன விளையாட்டு அத்தை?”

“ஐயா சொல்லிக் குடுத்த விளையாட்டு. அக்கரையில பொறந்தவங்க எல்லாம் அந்தப் பக்கம். இக்கரையில பொறந்தவங்க எல்லாம் இந்தப் பக்கம். ஓடுங்க!”

பிள்ளைகளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கே பிறந்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அடுத்ததெல்லாம் புருஷன் வீட்டில். இதை அந்த ஆற்றங்கரையில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

மூத்ததெல்லாம் அந்தப் பக்கம் ஓடின.

இளையதெல்லாம் இந்தப் பக்கம் ஓடின.

ஓடத் தெரியாததெல்லாம் மூத்ததுகளின் இடுப்பில் இருந்தன.

“அத்தை, தம்பி எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் வடிவு. அவளுக்கு ஒன்பது வயது. தம்பிக்கு எட்டு மாதம். அவளில் பாதி இருந்தான்.

“தம்பி எங்க பொறந்தான்?”

“இங்க. நீங்கதானே பிரசவம் பார்த்தீங்க!”

“அப்ப அவன் இந்தப் பக்கம். இறக்கி விடு.”

“இறக்கி விட்டா அழுவான் அத்தை.”

“விளையாட்டுத்தானே.”

வடிவு தாண்டவராயரைப் பார்த்தாள். அவர் மீசையைத் தடவினார். வடிவு தம்பியைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

மற்றவர்களும் இறக்கி விட்டார்கள்.

பதினேழு குழந்தைகள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

*

“அப்ப நான் வெளிநாட்டுக்காரனா அத்தை?” என்று குழந்தைகளின் அழுகைக்கு நடுவில் கத்தினான் சடையன். பதினோரு வயது.

“ஆமா.”

“அப்ப நாளைக்கு நான் மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டாம்! அது இந்த நாட்டு மாடு!”

மூத்ததுகள் எல்லாம் கைதட்டின. தண்ணீர் எடுக்க வேண்டாம். சாணி அள்ள வேண்டாம். வெளிநாடு நன்றாகத்தான் இருந்தது.

வடிவு மட்டும் சேரவில்லை. தம்பி அழுது அழுது விக்க ஆரம்பித்திருந்தான். அவள் கோட்டைத் தாண்டக் காலை எடுத்து வைத்தாள்.

“நில்லு!”

ஐந்து வயது மருது குறுக்கே நின்றான். சடையனின் தம்பி. கையில் ஆவாரங்குச்சி.

“சீட்டு எங்க?”

“என்ன சீட்டு? போடா!”

“சீட்டு இல்லாம வரக்கூடாது. நீ வெளிநாடு.”

“தம்பி அழுவுறான்டா!”

“புளியங்காய் குடுத்தா விடுவேன்.”

தாண்டவராயர் திடுக்கிட்டுப் போனார். “நாற்பத்திரண்டாம் விதியை இவனுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லலை” என்றாள் நாகம்மை. “கோடு போட்டா அதுவா வருது.”

மருதுவை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வடிவு உள்ளே வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டாள். தம்பி அவள் கழுத்தில் மூக்கைத் துடைத்தான். மற்ற மூத்ததுகளும் ஒவ்வொன்றாக வந்து தத்தம் சுமையைத் தூக்கிக்கொண்டன. மருது புளியங்காய் கிடைக்காமல் ஆற்றில் கல்லெறிந்தான்.

*

இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

“எழுதும்போது தோன்றவே இல்லை” என்றார் தாண்டவராயர். “குலம் கேட்கக்கூடாது என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.”

“அது நல்லதுதானே.”

“மாற்றிவிடலாம். பத்துப் பேருக்கும் ஆள் அனுப்புகிறேன். தகப்பன் எந்த நாடோ, பிள்ளையும் அந்த நாடு என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.”

“தெற்குத் தெரு செங்கமலத்தைத் தெரியுமா ஐயா?”

“நெல் குத்துமே, அந்தப் பெண்ணா?”

“அதுதான். புருஷன் அக்கரை. போன மாசி மாசம் தவறிட்டான். மூணு பிள்ளைங்களோட ஆத்தா வீட்டுக்கு வந்துட்டா. தகப்பன் நாடுன்னா அந்த மூணும் இங்க வெளிநாடு. சரியா?”

அவர் யோசித்தார்.

“அப்படியானால் தாய் எந்த நாடோ, அந்த நாடு.”

“அப்ப இந்த வடிவும் அவ தம்பியும் சேர்ந்தே வெளிநாடு. சொந்த அப்பன் வீட்டுல சீட்டு வாங்கிட்டுக் குடியிருப்பாங்க.”

“சரி. வளர்கிற வீடு எதுவோ…”

“யாரு சொல்றது அதை? சம்பந்தி சண்டையைப் பார்த்திருக்கீங்களா?”

தாண்டவராயர் சுருளைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் சட்டம் எழுதியவர். இத்தனை பேர் பெயரோடு யாரும் அவரிடம் சட்டம் பேசியதில்லை.

“பொன்னுருவிக்கு எத்தனாவது மாசம்?” என்று கேட்டாள் நாகம்மை.

“ஏழு. நாளைக்கு வளைகாப்பு. முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். அவள் அம்மா லேகியம் கிண்டி ஜாடியில் எடுத்து வைத்துவிட்டாள்.” முகம் மலர்ந்துவிட்டது. “பிரசவம் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.”

“நான் இல்லாமலா? பௌர்ணமிக்கு முத்திரை. சாசனம் எப்ப நடப்புக்கு வரும்?”

“அடுத்த அமாவாசை.”

“பிரசவம் அதுக்கு ரெண்டு அமாவாசை கழிச்சு.”

“ஆமாம்.”

“பொறக்குற பிள்ளை யாரு?”

“என் பேரப்பிள்ளை” என்றார் சட்டென்று.

“அது சரி. எந்த நாடு?”

அவர் நாற்பத்தொன்றைத் தேடிச் சுருளைப் பிரித்தார்.



“அஞ்சாம் மாசம் தொட்டில் கட்டி, சீர் வெச்சுக் கொண்டுபோய் விடுவீங்க. அங்க மூணு நாள். நாலாவது நாள் பச்சைப் பிள்ளைக்குச் சீட்டு வாங்கணும். அப்பன் மடியில உட்கார.”

தாண்டவராயர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வைதான்.

*

“அப்படியானால் பிரியக்கூடாது என்கிறீர்களா?”

“நாத்து காஞ்சது பொய்யா ஐயா?”

“இல்லை.”

“எட்டு மனு போட்டது?”

“பொய்யில்லை.”

“அப்ப நான் எப்படி அப்படிச் சொல்லுவேன்? எங்க அண்ணன் வயலும்தான் காஞ்சுது.”

“பிரியலாம் என்கிறீர்களா?”

“பிள்ளைங்க அழுததைப் பார்த்தீங்கதானே?”

அவருக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. இருபது வருஷப் பழக்கம்.

“இரண்டும் இல்லை என்றால் நான் என்ன செய்ய? குதிரைக்காரனிடம் எதைக் கொடுக்க?”

நாகம்மை அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அந்த நடவு நாள் ஆணை. அதை எழுதினது யாரு?”

“யாரோ பதினோரு பேர்! நாட்டுக்கு ஒருவர் என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம். ஒருத்தனுக்காவது நாற்றங்கால் எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரியுமா? ஒரு அறையைச் சாத்திக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒரு மனுஷனை ஒரு வார்த்தை கேட்காமல்…”

“ம்.”

“கேட்டிருந்தால் எங்கள் ஊர் எருமை மேய்க்கிறவன்கூடச் சொல்லியிருப்பான்!”

“ம். இதை எழுதினது?” அவர் கையிலிருந்த சுருளைக் காட்டினாள்.

“நான். மற்ற பத்து நாட்டுப் பிரதிநிதிகள்.”

“மொத்தம்?”

“பதினோரு பேர்.”

“எங்க உட்கார்ந்து எழுதினீங்க?”

தாண்டவராயர் சுருளை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார்.

“ஐயா?”

“அதே அறைதான்” என்றார்.

*

ஒரு பெண் மேட்டிலிருந்து ஓடிவந்தாள். வடக்குத் தெருவில் யாருக்கோ வலி கண்டுவிட்டது.

நாகம்மை எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

“நான் போறேன் ஐயா. தலைச்சன் இல்லை, மூணாவது. சீக்கிரம் வந்துடும்.”

“அம்மா, எனக்குப் பதில்?”

“எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? நாளைக்குப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆத்தைத் தாண்டப் போறது நானா?”

போய்விட்டாள்.

தாண்டவராயர் பரிசலைக் கூப்பிட்டார்.

*

பொன்னுருவியின் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். நாளைக்கு வளைகாப்பு. ஒருத்தி புளி கரைத்தாள். ஒருத்தி தேங்காய் துருவினாள். ஒருத்தி வேலை செய்வதுபோல் கடலைப்பருப்பைத் தின்றுகொண்டிருந்தாள். நடுவில் பொன்னுருவி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

“அப்பா! நாளைக்குத்தானே வரணும்? இன்னைக்கே வந்துட்டீங்க?”

“பொறுக்க முடியலையாக்கும்” என்றாள் அவள் மாமியார். “வாங்க சம்பந்தி. மோர் குடிங்க.”

மோர் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். இருபத்தாறு நாள் பயணம் போய்ப் பேரவையில் பேசியவருக்கு, அங்கே எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“ஒன்று கேட்க வேண்டும்.”

“கேளுங்கப்பா.”

“நாடு பிரிய வேண்டுமா, சேர்ந்தே இருக்க வேண்டுமா?”

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

“எங்களையா கேக்குறீங்க?” என்றாள் புளி கரைத்தவள்.

“ஆமாம்.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“பிரிங்க மாமா! என் மாமியாரோட பொறந்த வீடு அக்கரை. நாளைக்கே பிரிச்சா எனக்கு நிம்மதி!”

“அடியே, உன் ஆத்தா வீடும் அக்கரைதான்டி!”

“அப்ப ஆத்தா வீட்டை மட்டும் இந்தப் பக்கம் எழுதிக்கச் சொல்லு!”

“பிரிய வேண்டாம் அண்ணே. நான் மஞ்சள் விக்கிறது உங்க ஊர்ச் சந்தையில.”

“பிரியத்தான் வேணும். அந்தப் பாழாப்போன நடவு நாள் வர்றப்ப ஆத்து வெள்ளம் உங்க மேட்டுக்கு ஏறாம எங்க பள்ளத்துல பாயுது. மூணு வருஷமா நாத்து மிதந்துபோகுது.”

தாண்டவராயர் நிமிர்ந்தார். “இங்கேயுமா? எங்களுக்குத் தண்ணீர் இல்லாமல் காய்கிறது!”

“எங்களுக்கு இருந்து அழுகுது.”

“உங்கள் பிரதிநிதி என்னிடம் சொல்லவே இல்லையே! ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.”

“அவருக்கு ஏது வயலு?” என்றாள் சம்பந்தி அம்மாள். “நகரத்துல மாடி வீடுதான் இருக்கு.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

தாண்டவராயர் ஒரு தாள் கேட்டார். வளையல் சுற்றி வந்த காகிதத்தைக் கொடுத்தார்கள். அதில் எழுதிக்கொண்டார். மாமியார் விஷயத்தையும் விடாமல் எழுதினார்.

“பௌர்ணமிக்குக் குதிரைக்காரன் வருவானேப்பா?” என்று கேட்டாள் பொன்னுருவி. “அம்மா சொன்னாங்க.”

“வந்தால் சாப்பாடு போட்டு உட்கார வைக்கலாம். முத்திரை இப்போதைக்கு இல்லை. எனக்கு இன்னும் நிறைய வீடு போக வேண்டியிருக்கிறது.”

“பத்துப் பேரும் கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“கோபிக்கட்டும். அவர்களையும் வீடு வீடாகப் போகச் சொல்லி எழுதப் போகிறேன். அதற்கு இன்னும் கோபிப்பார்கள்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு தோளில் பாரம் இல்லாததுபோல் இருந்தது.

அப்போதுதான் கவனித்தார். எல்லாரும் பேசிவிட்டார்கள். மகள் மட்டும் பேசவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

“நீ சொல்லம்மா. பிரியலாமா, சேர்ந்திருக்கலாமா?”

“உதைக்கிறான்” என்றாள் பொன்னுருவி. “கொஞ்சம் இருங்க.”

அவர் எழுதுகோலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஒண்ணா வெச்சுக்கோங்க, பதினொண்ணா வெச்சுக்கோங்க. எனக்கு அந்த விவரம் பத்தாது” என்றாள் அவள். “நான் பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வருவேன். அஞ்சாம் மாசம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்க திரும்பி வருவேன். ஆடிக்கு வருவேன், பொங்கலுக்கு வருவேன், இவர்கிட்ட சண்டை போட்டா அன்னைக்கே வருவேன். நடுவுல நின்னு ஒருத்தரும் என்னை எதுவும் கேட்கக்கூடாது.”

“ம்.”

“அதுக்கேத்த மாதிரி நாட்டை வெச்சுக்கோங்கப்பா.”